ஏச்சின் வெப்பமானி

எங்கள் வீட்டில் ஏச்சுக்கு ஒரே சொல்தான் இருந்தது. பால் பொங்கி வழிந்தாலும் ஏச்சு, பஸ்ஸைத் தவறவிட்டாலும் ஏச்சு. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு கூட்டமே உண்டு என்று பெரியம்மாவின் மகளின் கொப்பியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆகவே எனக்கு அக்கா.

இரண்டாயிரங்களின் தொடக்கம். லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் ஒரே வீட்டின் மேல்தளத்தில் அவர்கள், கீழ்த்தளத்தில் நாங்கள். அவள் தவழ்ந்த வயதில் லண்டனுக்கு வந்தவள். எனக்குப் பத்து வயது, ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான். அவளுடைய கொப்பியில் ஏச்சின் சூட்டைக் காட்டும் ஒரு வெப்பமானி வரையப்பட்டிருந்தது. அடியில் கிரிட்டிசைஸ், அதற்கு மேல் டெல் ஓஃப், பிறகு ஸ்கோல்ட், ரெபியூக், ரெப்ரிமாண்ட். உச்சியில் சிவப்புப் பென்சிலால் அட்டாக். நான் பின்னாளில் பதினாறு வயதில் படிப்பை விட்டவள். பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு கடிதத்தைக்கூட நாலு தரம் வாசித்துப் பார்த்துத்தான் ஒட்டுவேன். ஆனால் அந்த வரிசை மட்டும் இன்றைக்கும் எனக்குப் பிழைக்காது. அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் திருடிப் பாடமாக்கியது அல்லவா.

படிப்பு ஆசையில் செய்ததல்ல. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. டொக்டர், கவுன்சில், வங்கி எங்கே போனாலும் அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு போவா. கூடத்துத் தொலைபேசி அடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவா. ஞாயிறு மாலைகளில் அம்மாவின் துப்புரவு வேலை சூப்பர்வைசர் அழைப்பாள். அக்கா நெடுநேரம் "யெஸ், யெஸ்" என்று கேட்டுவிட்டு, "சித்தி, நாளைக்கு ஆறு மணிக்கு ஷிப்டாம்" என்று முடித்துவிடுவாள். அவ்வளவு நேரம் கேட்டுவிட்டு இவ்வளவுதானா? அரைகுறை மொழிபெயர்ப்புக்காரி என்று எனக்குள் எரியும். அம்மாவோ அவளுக்கு முதல் தோசையைச் சுட்டுக் கொடுப்பா.

என் வகுப்பில் பெற்றோரைக் கூப்பிட்ட அன்றும் அவள்தான் வந்தாள். என் அம்மா, என் டீச்சர், நடுவில் அவள். மூவரும் சின்னக் கதிரைகளில். நான் ஓரத்தில்.

டீச்சர் சிரித்த முகத்தோடுதான் சொன்னா. நான் எதிர்த்துக் கதைக்கிறேனாம். இரண்டு தரம் டெல் ஓஃப் பண்ணியும் கேட்கவில்லையாம். போன கிழமை தலைமையாசிரியை ரெப்ரிமாண்ட் பண்ணியும் ஆயிற்றாம். அக்கா தலையாட்டிக் கேட்டாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, இவள் கெட்டிக்காரியாம். இன்னும் கொஞ்சம் கவனமாப் படிச்சாக் காணுமாம்."

நான் தப்பியிருக்கலாம். அந்த இடத்தில் அம்மா அவளுடைய கன்னத்தைத் தடவாமல் இருந்திருந்தால்.

"என்ன வடிவாக் கதைக்குது, என்ர பிள்ளை!"

என்ர பிள்ளை! ஓரத்துக் கதிரையில் இருந்தது யாருடைய பிள்ளை?

"பொய் அம்மா!" என்று எழுந்தேன். மேசைக்கடியில் அக்கா என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. "ரீச்சர் அப்பிடிச் சொல்லவேயில்லை. நான் வாய் காட்டுறனாம். ரெண்டு தரம் டெல் ஓஃப், அது சும்மா ஏச்சு. பிறகு ரெப்ரிமாண்ட், அது பெரிய ஏச்சு. இவவுக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாது!"

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தா. பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் கேட்டா.

"அப்ப உனக்கு எல்லாம் விளங்குமோ?"

"ஓம்."

"சரி. இனி நீயே வா."

அன்று எனக்குக் கிடைக்க வேண்டிய அடி கிடைக்கவில்லை. பட்டம் கிடைத்தது. பஸ் ஜன்னலில் என் முகத்தை நானே பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை தொலைபேசி அடித்தது. அக்கா மேலிருந்து ஓடிவந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"வேண்டாமடி, என்னட்டைத் தா" என்றாள், கையை நீட்டியபடி.

"உங்கட வேலையைப் பாருங்கோ."

சூப்பர்வைசரின் குரல் காதைக் குடைந்தது. நான் ஒரு சொல்லையும் விடவில்லை. அம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றா.

"குப்பை வாளி ரெண்டு கொட்டேல்லையாம் அம்மா. மூளை இல்லையோ எண்டு கேக்கிறா. கழுதைக்குச் சொன்னாலும் விளங்குமாம். இது ரெபியூக் இல்லை அம்மா, அதுக்கும் மேல."

"ம்."

"உங்களை மாதிரி ஆக்களை ஏன்தான் வேலைக்கு எடுக்கினமோ எண்டு..."

"வேற?"

"நாளைக்கு ஆறு மணிக்கு ஷிப்டாம்."

"சொறி எண்டு சொல்லு, பிள்ளை."

அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்டேன், நல்ல உச்சரிப்போடு. அம்மா கையைச் சேலையில் துடைத்தா. துடைத்து முடிந்தபிறகும் துடைத்துக்கொண்டே நின்றா.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான்தான். அக்கா படிக்கட்டின் நடுவில் வந்து உட்காருவாள். கம்பிகளுக்கிடையால் என்னையே பார்ப்பாள். கண் கலங்கியிருக்கும். தன் இடம் பறிபோன பொறாமையில் அழுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாக மொழிபெயர்த்தேன்.