நோர்மன் சாப்பிட மறுத்த கிழமை

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நான் எழுதி நினைவில் நிற்கும் ஒரே கட்டுரை ‘பசு’. அதற்குமேல் படிப்புக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தால் என் காது சிவந்துவிடும். கடதாசியில் எழுதினால் நீங்கள் என் காதைப் பார்க்கமாட்டீர்கள் என்ற ஒரே தைரியத்தில்தான் தொடங்குகிறேன். பசுவிலிருந்து பூனைக்கு முன்னேறியிருக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் தகரத்தில் அடைத்த ரின்மீன் ஒன்றை உடைத்தேன். என் மகள் “அப்பா, டிஸ்கஸ்ரிங்!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள். எனக்கென்றால் அந்த மணம் வந்ததும் நான் மெரிலேண்ட்ஸ் வீட்டில் உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறைக்குள் போய் நின்றேன்.

அது நான் இந்த நாட்டுக்கு வந்த புதிது. பவளக்கா வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். பவளக்கா என் அம்மாவின் ஒன்றுவிட்ட தமக்கையின் மச்சாள். அந்த உறவுக்கு ஒரு பெயர் உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கமான மனுசி. ஒரேயொரு குறை, அவவின் வீட்டில் யாரும் தனியாகச் சாப்பிட முடியாது. சோற்றுக் கோப்பையில் கை வைத்தவுடன் அகப்பையோடு பக்கத்தில் வந்து நிற்பா. எதிர்க் கதிரையில் அவவின் கணவர் சிவமண்ணை பேப்பரைத் தாழ்த்திவிட்டு என் வாயைப் பார்ப்பார்.

“காணும் அக்கா, போதும்.”

“என்ன காணும்? கோழி கொத்தின மாதிரிக் கிடக்கு. கறி சரியில்லையோ?”

“நல்லாயிருக்கு.”

“நல்லாயிருந்தா ஏன் இறங்குதில்லை?”

உண்மையிலேயே இறங்காது. நாலு கண்கள் பார்க்கும்போது என் தொண்டை கதவைச் சாத்திவிடும். அதனால் நான் கடை ரொட்டியான பாணும் ரின்மீனும் வாங்கி ஒளித்து வைத்து, லோன்றிக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, வாஷிங் மெஷினுக்கு மேலே கோப்பையை வைத்து நின்றபடி சாப்பிடுவேன். அந்த மெஷின் என்னிடம் ஒருநாளும் “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டதில்லை.

பக்கத்து வீட்டில் பிறையன் என்ற கிழவர் இருந்தார். தனி ஆள். துணைக்கு நோர்மன் என்றொரு சாம்பல் பூனை. எங்கள் ஊரில் நாய்க்கு ஜிம்மி என்று வைப்போம்; பூனைக்குப் பெயர் வைத்ததாக ஞாபகமில்லை. இவர் வைத்திருந்ததோ வங்கி மனேஜருக்கு வைக்கிற பெயர். பூனையின் முகமும் கடன் தர மறுக்கிற முகம்தான்.

பிறையனுக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. பூனையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டு, பிறகு வீட்டு வாசலிலேயே விழுந்தும் எழும்பியிருந்தார். இந்தமுறை வேலிக்கு மேலால் நோர்மனை என் கையில் தந்தார். எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். போகும்போது ஒன்று சொன்னார்: அது சாப்பிடாவிட்டால் உடனே போன் பண்ண வேண்டும், தான் கட்டிலை விட்டு இறங்கி வந்துவிடுவாராம். செய்யக்கூடிய மனுசன்தான்.

நோர்மன் சாப்பிடவில்லை.

பிறையன் தந்துவிட்ட சாப்பாட்டை வைத்தோம். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பவளக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. அவவின் வீட்டுக்கு வந்த ஆள் பட்டினி கிடப்பதா? குசினி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, கோப்பையை அதன் மூக்குக்கு நேரே பிடித்தா.

“சாப்பிடு ராசா. அக்கா எல்லோ கேக்கிறன். ஒரு வாய்.”

நோர்மன் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போனது. அக்காவும் கோப்பையோடு பின்னால் போனா.

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து பிறையன் போன் எடுத்து விசாரித்தார். “யெஸ் யெஸ், நோர்மன் குட் ஈற்றிங்!” என்று அக்கா கத்திச் சொல்லிவிட்டு, ரிசீவரை வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டா.

செய்தி பரவியது. எங்கள் ஆட்கள் நோய் வருத்தம் பார்க்க வராமல் இருப்பார்களா? பிளாக்டவுனிலிருந்து ஓர் அன்ரி திராட்சைப்பழத்தோடு வந்தா. வருத்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதாம். வந்தவர்கள் எல்லோரும் கதிரைகளை வட்டமாகப் போட்டு இருந்து, நடுவில் கிடந்த நோர்மனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். “சரியா வத்திப்போச்சு” என்றா அன்ரி. அவ அதற்குமுன் அதைக் கண்டதேயில்லை. பழத்தைச் சிவமண்ணை சாப்பிட்டார்.

அவர்தான் நோயையும் கண்டுபிடித்தார். “இது நாவூறு. எத்தினை சனத்தின்ர கண் பட்டிருக்கு.” செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து நோர்மனை மூன்றுதரம் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கமறவும் கூரையிலிருந்த ஸ்மோக் அலார்ம் அலறத் தொடங்கியது. நாங்கள் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம். நோர்மன் அலுமாரிக்கு மேல் ஏறி, அடுத்தநாள் காலைவரை இறங்கவில்லை.

பிறகுதான் புத்தி வந்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இளம் பெண். வாய், பல், வயிறு எல்லாம் பார்த்து, இரத்தமும் எடுத்துப் பார்த்தாள். வருத்தம் ஒன்றுமில்லை, புது வீடு, பயம் என்றாள். மலம் ஒழுங்காக வெளிக்குப் போகிறதா என்று கேட்டாள். கண்ட சாட்சி யாருமில்லை. பூனை இப்படியே பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும், நாளைக்கும் சாப்பிடாவிட்டால் கொண்டுவாருங்கள், குழாய் போட வேண்டிவரும் என்றாள். சாப்பாட்டை இளஞ்சூடாக்கினால் மணம் எழும்பும், தட்டையான கோப்பையில் வைக்க வேண்டும், வெங்காயம், உள்ளிப்பூண்டு கூடாது. வைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போய்விட வேண்டும்.

காருக்குள் அக்கா கொதித்தா. “வெங்காயம் இல்லாமல் அது என்ன கறி? சாப்பிடுற ஆளைத் தனிய விட்டுட்டு எழும்பிப் போறதோ? நாங்கள் என்ன மிருகங்களோ?”

“நாங்கள் இல்லையப்பா, பூனைதான் மிருகம்” என்றார் சிவமண்ணை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நோர்மனுக்காக அர்ச்சனை செய்யவென்று இருவரும் கோயிலுக்குப் போனார்கள். நட்சத்திரம் கேட்டால் என்ன சொல்வது என்று வாசல்வரை சண்டை. கார் போன சத்தம் கேட்டதும் நான் நோர்மனைத் தூக்கிக்கொண்டு லோன்றிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தண்ணீரில் போட்ட மீன் ரின் ஒன்றை உடைத்து, கொஞ்சத்தைச் சூடாக்கித் தட்டையான கோப்பையில் நிலத்தில் வைத்தேன். மிச்சத்தை என் பாணுக்கு எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வீடு அமைதியாக இருந்தது. நான் என் பாட்டில் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. நக்குகிற சத்தம். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அதற்குக் காது சிவந்திருக்கும்.

அக்கா கோயிலால் வந்து துடைத்துவைத்த மாதிரி இருந்த கோப்பையைப் பார்த்தா. முதலில் சந்தோசம், பிறகு முகம் வாடிவிட்டது. “என்ர முன்னால தின்ன அதுக்கு என்ன கூச்சம்?” பிறகு மெஷினுக்கு மேலே இருந்த மற்றக் கோப்பையைக் கண்டா. பாண் துண்டையும் கண்டா. மூலையில் நான் எறிய மறந்த பழைய ரின்களையும் கண்டா.

“நீயும் இதுக்குள்ளதான் சாப்பிடுறனியோ?”

நான் குனிந்து பழைய ரின்களைப் பொறுக்கத் தொடங்கினேன். நோர்மன் தன் மீசையைத் துடைத்தது.

அன்று மாலை பிறையனுக்கு “குட் ஈற்றிங்” என்று சொன்னபோது அக்காவின் குரல் தாழ்ந்து பதிவாக இருந்தது. உண்மைக்குக் கத்தத் தேவையில்லைப்போல. பிறகு எனக்குச் சோறும் கறியும் மேசையில் வைத்துவிட்டு, சிவமண்ணையையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனா. அங்கிருந்து சத்தம் வந்தது:

“போட்டுச் சாப்பிடு! நாங்கள் பாக்கேல்லை!”

முதல்முறையாக அந்தக் குசினியில் மூன்றுதரம் போட்டுச் சாப்பிட்டேன்.

பிறையன் இப்போது இல்லை, நோர்மனும் இல்லை. இரண்டு வீடுகளையும் இடித்து, வேலியையும் தூக்கிவிட்டு, ஒரே மாதிரியான வீடுகளை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். அக்காவும் அண்ணையும் மகனோடு மெல்பேர்னுக்கு, கிரான்பர்ன் பக்கம் போய்விட்டார்கள். யாருக்கும் வருத்தமென்றால் இப்போது போனில் கைகூப்புகிற படம் ஒன்று வருகிறது, திராட்சை வருவதில்லை. எங்கள் வீட்டு மேசையில் ஒவ்வொருவரும் தங்கள் போனைப் பார்த்துச் சாப்பிடுகிறோம். நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த விடுதலைக்காகத்தான் அன்று லோன்றிக்குள் ஒளிந்தேன். நேற்று ரின்மீனோடு பாதிப் பாண் மிஞ்சிவிட்டது.

நோர்மன் சாப்பிட்டதற்கு அடுத்தநாள் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் சாப்பிட்டது. மத்தியானம் சாப்பிட்டது. பின்னேரம் பவளக்காவின் பொன்னாங்காணிப் பாத்தியில் வெளிக்குப் போனது.