பார்வதம் பெயரில் போன கார்டு

செவ்வாய்க்கிழமை நாடகம் பார்க்க எத்திராஜ் வீட்டுக்குப் போனால் கை சும்மா இருக்க முடியாது. வானகரத்தில் அந்தத் தெருவுக்கே ஒரு டி.வி.தான் இருந்த காலம் அது. வேலையை யாரும் கேட்டு வாங்கியதில்லை. உட்கார்ந்த இடத்துக்கு அந்த வீட்டு வேலை ஏதாவது ஒன்று தானாக வந்து சேரும். ஒருத்தி முருங்கைக்கீரை ஆய்வாள், ஒருத்தி அரிசியில் கல் பொறுக்குவாள். வாசற்படியை ஒட்டி உட்காரும் ராஜம்மாவுக்குப் புளி. கண் திரையில் இருக்கும். கை கொட்டையைத் தனியாக, நாரைத் தனியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

ராஜம்மா ஆறாம் வகுப்போடு நின்றவள். கணவன் கன்னியப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் மணல் சலித்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. தன் மனைவிக்குத் தெரியுமா என்று அவன் கேட்டதும் இல்லை. கூட்டத்தில் தும்மல் வந்தால்கூட முந்தானையில் அடக்கிக்கொள்கிறவள் அவள்.

ஆனால் நாடகம் ஓடும்போது உள்ளுக்குள் அவள் வாய் ஓயாது. அடுப்பு ஊதுகிறாளே, கண் சிவக்க வேண்டாமா? கிணற்றில் தண்ணீர் சேந்துகிறாள், கயிறு நனையவே இல்லையே? பிள்ளையைப் பறிகொடுத்தவள் தரையில் புரண்டு அழுதாள், சரி; எழுந்தபோது புடவை மடிப்பு கலையவில்லையே? மற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் எப்போதாவது ஒன்றைப் பக்கத்திலிருக்கும் ராணியின் காதில் சொல்வாள். தையல் கம்பெனிக்குப் போகும் பெண் ராணி; பத்தாவது வரை படித்தவள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

அந்த டி.வி.யில் நேயர் கடிதங்களைப் படித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வாராவாரம் வந்தது. எந்த ஊர்க்காரரோ எழுதியதை ஒருவர் நிதானமாகப் படிப்பார், இன்னொருவர் பதில் சொல்வார். ராஜம்மாவுக்கு அதுதான் எல்லா நாடகத்தையும்விடப் பிடித்தது. ஒரு நாள் மதியம் தபால் கார்டு வாங்கிவந்து, மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு எழுத உட்கார்ந்தாள். எழுதி முடித்துக் கீழே பெயர் போடும் இடத்தில் பேனா நின்றது.

டி.வி. வைத்திருப்பவர்கள்தான் கருத்து சொல்லலாம் என்பது அவள் எண்ணம். முன்பெல்லாம் எத்திராஜ் டி.வி. லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தபாலாபீசில் பணம் கட்டப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். லைசென்சை எடுத்துவிட்டார்கள் என்று சொன்ன பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. அடுத்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்க்கிறவள் பேச்சை யார் மதித்துப் படிப்பார்கள்? ஆகவே எத்திராஜின் மனைவி பார்வதத்தின் பெயரையும் கதவு எண்ணையும் எழுதிப் பெட்டியில் போட்டாள்.

ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு கார்டு போயிருக்கும். எண்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஒன்றைப் படித்தார்கள்.

"வானகரத்திலிருந்து பார்வதம் எழுதுகிறார். சோற்றுக்கு வழியில்லாத பெண்ணாக நடித்தவருக்குக் காட்சிக்கு ஒரு புடவை. அதில் ஒன்றைக் கிழித்துத் தைத்தாவது கட்டியிருக்கலாம்."

ராஜம்மாவின் கையிலிருந்து புளி நழுவியது. கூடம் முழுக்கப் பார்வதத்தைத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணி! நீங்களா? சொல்லவேல்ல பாரேன்!"

பார்வதம் ஒரு நிமிஷம் விழித்தாள். கணவன் எழுதிப் போட்டிருப்பான் என்று அவள் நினைத்தாள். மனைவிக்கு இவ்வளவு தெரியுமா என்று அவன் நினைத்தான். "சும்மா தோணுச்சு, எழுதுனேன்" என்று சொல்லிவிட்டாள்.

அதோடு அவள் பெரிய ரசிகையாகிவிட்டாள். ஆவடியில் எத்திராஜ் வேலை பார்க்கும் தொழிற்சாலையில்கூட விசாரித்தார்களாம். நாடகத்தின் நடுவே உரக்கக் கருத்து சொன்னாள், எல்லோரும் தலையாட்டினார்கள். ராஜம்மாவுக்கு அந்த வாரம் தூக்கமில்லை. தன் சொல் ஊரெல்லாம் கேட்டது. அது தன்னுடையது என்று ஒருவருக்காவது தெரிந்தால் போதும் என்றிருந்தது. ராணியிடமாவது சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போயிற்று.

அதற்குள் ராணிக்கு ஒரு வரன் வந்தது. ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவில் வேலை பார்க்கும் ரகுநாதன், பார்வதத்தின் தூரத்து உறவு. தாயில்லாப் பெண் ஆயிற்றே என்று பார்வதமே முன்நின்று பேசினாள். தெருவில் யாரைப் பார்த்தாலும் அதையே சொன்னாள். ராணிக்கும் பிடித்திருந்தது.

அந்தச் சமயம் வந்த நாடகத்தில் ஒரு பண்ணைக்காரர் மனைவி, வேலைக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். கடைசியில் எல்லோரும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "பொம்பளைன்னா இப்டி இருக்கணும்" என்று பார்வதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜம்மாவுக்கு நாடகம் எரிச்சலாக இருந்தது. மறுநாளே கார்டு போட்டாள். நாடகத்தைப் பற்றித்தான் எழுதினாள்; வேறு எதுவும் அவள் நினைப்பில் இல்லை.

மூன்றாம் வாரம் அதையும் படித்தார்கள். "வானகரம் பார்வதம் மறுபடியும் எழுதியிருக்கிறார். உனக்கு இஷ்டமா என்று அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பெருமைக்காக நல்லது செய்கிறவளைத் தெய்வம் என்று காட்டுவது பார்க்கச் சகிக்கவில்லை."

முதலில் எதிர்வீட்டுத் துலுக்கானத்தின் மனைவிதான் சிரித்தாள். "இன்னா அண்ணி, அன்னிக்கு அழுத, இப்ப நீயே திட்டிக்கீற?"

பார்வதத்தின் முகம் கறுத்தது. எழுந்து டி.வி.யை நிறுத்தினாள். "எவ எழுதுனது எம்பேர்ல?"

அவள் பார்வை சுற்றிவந்து ராணியிடம் நின்றது.

"இங்க கார்டு எழுதுற அளவுக்குப் படிச்சவ நீ ஒருத்திதான். கல்யாணம் இஷ்டமில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? ஊரு சிரிக்க டி.வி.ல சொல்லுவியா?"

"ஐயோ அண்ணி, சத்தியமா நான் இல்ல."

அப்போதுதான் ராஜம்மா எழுந்தாள். மடியிலிருந்த புளி தரையில் சிதறியது. அந்தக் கூடத்தில் அவள் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"நான்தாம்மா எழுதுனேன். ரெண்டும் நான்தான்."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. பார்வதமே சிரித்துவிட்டாள்.

"நீயா? பொய் சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லுடி. ஒனக்கு இன்னா தெரியும் எழுத? குந்து, குந்து. தோழிய காப்பாத்த வந்துட்டா."

"ஆறாவது படிச்சிக்கீறேம்மா. பூந்தமல்லி ரோட்டுல இருக்கிற பெட்டியிலதான் போட்டேன்..." கார்டு டி.வி. நிலையத்தில் இருக்கிறது. அவள் கையெழுத்தை இங்கே பார்த்தவர் யாருமில்லை. எதைக் காட்டி நம்பவைப்பது?

"புளிய அள்ளு மொதல்ல" என்றாள் பார்வதம். ராஜம்மா குனிந்து அள்ளினாள். ராணி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

வரன் நின்றுபோயிற்று. நாலு நாள் கழித்து, கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவளிடம் ராஜம்மா போனாள்.

"ராணி, நெசமாவே நான்தான்டி."

"தெரியும்க்கா" என்றாள் ராணி. "புடவை சமாச்சாரம் வந்தப்பவே தெரியும். அன்னிக்கு என் காதுல சொன்னதுதானே அது. நீயே சொல்லுவன்னு இருந்தேன்." பஸ் வந்தது. ஏறியவள் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜம்மா எழுதியதுதான் என்று இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஆள் அவள்.

அதன் பிறகு ராஜம்மா கார்டு வாங்கவில்லை. புளிக்கு மட்டும் போய்வந்தாள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பேச வேண்டியிருக்கும்.

தொண்ணூற்றேழில் அவள் மகன் பாஸ்கரன் தவணையில் கலர் டி.வி. வாங்கினான். கேபிள் இழுத்தார்கள். தினமும் நாடகம், ஒன்று முடிந்தால் இன்னொன்று. புளி ஆய வேண்டியதில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டியே பார்க்கலாம். ஒரு நாள் திரையில் ஒருத்தி மூன்று நாள் பட்டினி என்று அழுதாள். உதட்டுச் சாயம் அப்படியே இருந்தது. ராஜம்மாவின் உதடு லேசாக அசைந்தது.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த மருமகள் பேபி திரும்பினாள்.

"இன்னா அத்தே? நாடகம் எப்டி கீது?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. ராஜம்மா மருமகளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள்.