ராம் ஒத்துப்போகவில்லை

போன வாரம் மகளின் கம்ப்யூட்டருக்கு வேகம் கூட்டும் நினைவகச் சில்லான ரேம் இன்னொன்று போடத் தஞ்சாவூர் போயிருந்தேன். கடைக்காரர் உள்ளே இருந்த பழையதை உருவி, அதன் பித்தளைநிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்தார். “புதுசு வேற கம்பெனி சார், பரவால்லீங்களா? ஸ்பீடு ஒண்ணா இருந்தாத் தகராறு பண்ணாது” என்றார். ரப்பர் வாசனை அதற்குள் என்னை நன்னிலத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தது. எதற்கென்று தெரியாமலே தலையாட்டினேன், அவர் மாட்டிவிட்டார்.

அந்தக் காலத்தில் நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தோணி அண்ணன் டிடிபி சென்டர் வைத்திருந்தார். படித்த படிப்புக்கு வேலை வராததால் நான் அங்கே கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். அறுவடை முடிந்ததும் சுற்றுவட்டாரத்து மாப்பிள்ளை, பெண் எல்லோரும் என் பத்து விரல்களைத் தாண்டித்தான் மணமேடைக்குப் போவார்கள். உண்மையைச் சொன்னால் இரண்டு விரல்கள். மற்ற எட்டும் சும்மா இருந்தன.

ரேம் என்று சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆர், ஏ, எம் என்று எழுத்துக்கூட்டிப் படித்தோம், ராம் என்று வந்தது. ராம் என்றே வைத்துக்கொண்டோம்.

கடையில் இருந்த கம்ப்யூட்டரில் பத்திரிகைக்குப் பிள்ளையார் படத்தை வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் தும்பிக்கை பாதி வந்திருக்கும். பொறுக்க முடியாமல் அந்தோணி அண்ணன் இன்னொரு ராம் வாங்கி மாட்டினார். வேறு கம்பெனி. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன, சேர்த்துப் போட்டால் திரை நீலமாகிப் போனது. “ரெண்டு ரகத்த ஒரே வயல்ல வெதச்சா இப்புடித்தான்டா. ஒண்ணு பழுத்து நிக்கும், இன்னொண்ணு பச்சையா நிக்கும்” என்றார் அண்ணன். அதைவிடத் தெளிவான விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று பெஞ்சில் கோவிந்தராசு ஐயா உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர் விவசாயி, அண்ணனுக்கு நெடுநாள் பழக்கம். மகள் செல்வியின் கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பெயர் ராம்குமார். வீட்டில் எல்லோரும் ராம் என்றுதான் கூப்பிடுவார்களாம்.

அண்ணன் உள்ளறையில் போனில் சாமான் விற்றவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். குரல் வாசல்வரை கேட்டது.

“அந்த ராம் சரியில்லீங்க. பாக்கத்தான் பளபளன்னு இருக்கு, வேலைன்னா நின்னுடுது... ஆமாங்க, நம்மளோடது கூட ஒத்தே போவலை... ஏற்கெனவே வேற எடத்துல இருந்து கழட்டிக்கிட்டு வந்ததுன்னு நெனைக்கிறேன். எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?”

கோவிந்தராசு ஐயா பத்திரிகைத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். “வர்றேன் தம்பி” என்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். என் கவனிப்பின் லட்சணம் அது.

மறுநாள் காலை கல்யாணம் நின்றுபோன செய்தி வந்தது. நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தோம். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. “ஒரு பொண்ணோட வாழ்க்கைடா” என்று சொல்லி, உண்மையை விளக்க வண்டியை எடுத்தார். அதற்குள் செல்வியே சைக்கிளில் வந்து இறங்கினாள்.

“எங்கண்ணே கெளம்பிட்டீங்க?”

“ஒங்க வீட்டுக்குத்தாம்மா. நேத்து அப்பா தப்பா...”

“தெரியும்ணே. நீங்க போன்ல பேசுனத அப்பா சொன்னாரு. நானும் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவதான். ராம்னா என்னன்னு எனக்குத் தெரியும்.”

அண்ணன் வண்டியை ஸ்டாண்டு போட்டார்.

“நேத்து வந்ததும் அப்பா என்னைய உக்காரவச்சு, ‘ஒனக்கு இந்தப் பையனப் புடிச்சிருக்கா’ன்னு கேட்டாருண்ணே. அதுவரைக்கும் யாருமே கேக்கலை. இல்லப்பான்னு சொல்லிட்டேன். நீங்க போய் வெளக்கிடாதீங்க.”

அண்ணன் விளக்கவில்லை. ராம்குமாருக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. அந்தப் பத்திரிகையும் நான் அடித்ததுதான். செல்வி டீச்சராகி, மெதுவாக, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். அதற்கும் கோவிந்தராசு ஐயா கடைக்குத்தான் வந்தார். “அந்தோணி, இந்தப் பையன் எப்படி, விசாரிச்சியா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பொண்ணக் கேளுங்கய்யா” என்றார். “அவகிட்டதான் மொதல்ல கேட்டேன். ஒங்கிட்ட ரெண்டாவதா கேக்குறேன்” என்றார் ஐயா.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பத்திரிகை போனிலேயே வந்துவிடுகிறது, பிழையோடு. அந்தோணி அண்ணன் காலமாகிவிட்டார். இந்தத் தை மாதம் கோவிந்தராசு ஐயாவும் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனபோது, அழுது அழுது ஓய்ந்திருந்த செல்வி என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள்.

“ராம்னா கம்ப்யூட்டர் சாமான்னு கடைசிவரைக்கும் அப்பாகிட்ட சொல்லவே இல்லண்ணே. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். சொல்லியிருந்தா எப்புடிச் சிரிச்சிருப்பாரு.”

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.