ஜூலை மாதத்துத் திமிங்கிலம்

மூன்று படகுக்காரர்களிடம் தொலைபேசியில் பேசினேன். மூவரிடமும் கேட்டவை ஒரே கேள்விகள்தான். ஜூலை மாதத்தில் தெற்குக் கரை மிரிஸ்ஸவில் திமிங்கிலம் தெரியுமா? தெரியும் மிஸ். கடல் அமைதியாக இருக்குமா? இருக்கும் மிஸ். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளவான லைஃப் ஜெக்கட் இருக்கிறதா? இருக்கிறது மிஸ். சந்தேகம் தாங்காமல் மூன்றாமவரிடம் கைக்குழந்தைக்கும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் இருக்கிறது என்றார். கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில், எங்கள் பெற்றோர் விட்டுப்போய் இப்போது அக்கா குடும்பம் இருக்கும் வீட்டின் முன்னறையில், கதிரை நுனியில் உட்கார்ந்து இந்தப் பதில்களைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. நோர்வேக்குப் போய் ஒன்பது வருடங்கள். 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்காகக் காது ஏங்குகிறது. பிறந்து வளர்ந்த ஊரில் அது யாரிடமும் கிடைக்கவில்லை.

நோர்வேயில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. பெர்கனில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலத்தில், எதிர்வீட்டுப் பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். கதவைப் பிடித்தபடியே, 'நை', அதாவது இல்லை, 'எனக்குச் சரிவராது, நன்றி' என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். என்ன காரணம் என்றுகூடச் சொல்லவில்லை. அன்று முழுக்க நான் அழுதேன். எங்கள் ஊரில் என்றால் 'கட்டாயம் வாறோம்' என்று சொல்லிவிட்டு வராமல் இருந்திருப்பார்கள். யாருக்கும் மனம் நொந்திருக்காது. போன கோடையில் அங்கே ஒரு படகுச் சவாரிக்குப் பதிவு செய்திருந்தோம். முதல்நாள் மாலை கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி: காற்று அதிகம், படகு போகாது. அவ்வளவுதான். என்ன மனிதர்கள் இவர்கள் என்று அப்போது அலுத்துக்கொண்டேன். இப்போது அப்படி ஒரு செய்தியை யாராவது எனக்கு அனுப்பமாட்டார்களா என்றிருந்தது.

என் மகள் எமிலியாவுக்கு வீசிங் இருக்கிறது. காற்றும் ஈரமும் சேர்ந்தால் நெஞ்சு கூவத் தொடங்கிவிடும். அவளைப் பல மணிநேரம் திறந்த கடலில் வைத்திருக்கலாமா என்பதுதான் என் ஒரே கவலை. திமிங்கிலப் பேச்சை ஆரம்பித்தது நானல்ல. போன டிசம்பரில், நத்தாருக்குத் தொலைபேசியில் அக்காதான், "நீங்க வந்தா எல்லாருமா திமிங்கிலம் பாக்கப் போவோம்" என்றாள். அவளுக்கு அப்படி ஓர் ஆசை இருக்கிறதே என்று நானும் சரி என்றேன். வந்த பிறகு இணையத்தில் தேடித்தேடி வாசித்தேன். இந்த மாதங்களில் தெற்குக் கரையில் கடல் மோசம், திருகோணமலைப் பக்கம்தான் அமைதி. அக்காவின் கணவர், அத்தானிடம் அதைச் சொன்னேன். "அதுவும் நல்லதுதான்" என்று தலையாட்டினார். மறுநாள் வேனும் மிரிஸ்ஸப் படகும் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார். அவரோடு வேலை செய்பவரின் மச்சானுடைய படகாம். "தெரிஞ்ச ஆள் இருக்கப்போ தெரியாத எடத்துக்கு ஏன் தங்கச்சி போவணும்?" என்றார். காற்றையும் அலையையும்கூடத் தெரிந்த ஆள் பார்த்துக்கொள்வார் போலிருக்கிறது. பெர்கனிலிருந்த கணவரைக் கேட்டேன். நீயே பார்த்து முடிவெடு என்று சொல்லிவிட்டார். அதைவிட எரிச்சலூட்டும் பதில் உலகத்தில் இல்லை.

ஆயத்தங்கள் தொடங்கின. பிலிமத்தலாவையிலிருந்து அத்தானின் தங்கை குடும்பமும் சேர்ந்துகொண்டது. வாழையிலை வாட்டிச் சோற்றுப் பார்சல் கட்டுவதென்றும், கோழிப் பொரியல், அவித்த முட்டை, சம்பல் எல்லாம் வேண்டுமென்றும் அக்கா முடிவு செய்தாள். படகில் ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். வெறும் வயிற்றோடு பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போவதா என்று என்னையே ஏசினாள். எதற்கும் இருக்கட்டுமென்று நான் பெர்கனிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சின்ன லைஃப் ஜெக்கட்டைக் கொடியில் வெயில் காயப் போட்டாள். அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டார் வந்து போனார்கள். எமிலியாவோ அவர்கள் வீட்டுக் கோழிக்குஞ்சுகளை விட்டு எழும்புவதாகவே இல்லை. கடல் கொந்தளிப்பாக இருந்தால் என்ன செய்வது என்று அக்காவிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "பாப்போம்" என்றாள். நான்தான் வெளிநாட்டில் இருந்து கெட்டுப்போய்விட்டேனா என்ற யோசனையும் வந்தது. சின்ன வயதில் இதே அக்காவின் மடியில் உட்கார்ந்து, ஆட்கள் பிதுங்கும் பஸ்ஸில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனவள்தானே நான். அப்போது யார் எதை விசாரித்தார்கள்?

புறப்படுவதற்கு முதல்நாள் பகல், வாந்தி மாத்திரை வாங்க டவுனில் இருக்கும் பார்மசிக்குப் போனேன். கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவுக்கு எங்கள் வீட்டில் எல்லாரையும் தெரியும். மாத்திரையைக் கேட்டதும் சிரித்தார்.

"ஒங்கட அக்கா நேத்து எடுத்துட்டுப் போன. ஒங்கட மச்சான் இன்னக்கிக் காலையில வந்து தனியா எடுத்த. ரெண்டு பேரும் மத்தவருக்குச் சொல்ல வேணாம்னு சொன்ன. ஊட்டுல எல்லாருக்கும் கடலுன்னா பயமா?"

பிறகு, தங்கச்சி ஆசைப்பட்டு அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறாள், அதனால்தான் போகிறோம் என்று அக்கா சொன்னதாகவும் சொன்னார். மாத்திரையை வாங்காமலே வீடு திரும்பினேன்.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல், உனக்குத் திமிங்கிலம் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு எதுக்குடி திமிங்கிலம்? பேராதெனிப் பாலத்துல பஸ் நின்னாலே எனக்குத் தல சுத்தும். ஒனக்காகத்தான்."

"எனக்காகவா? நீதானே நத்தாருக்குச் சொன்ன?"

"போன்ல என்ன சொல்றது, வந்தா பேசாம வீட்டுல இருங்கன்னா? நீ ஒடனே சரின்ன. அப்புறம் எப்படி இல்லங்கிறது?"

ஆக, ஒருவருக்கும் ஆசையில்லாத ஒரு படகு. அதற்காக நான் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருக்கிறேன். அத்தான் லீவு எடுத்திருக்கிறார். என் பிள்ளையின் நெஞ்சைப் பணயம் வைக்கவும் தயாராக இருந்திருக்கிறோம். எல்லாம் மரியாதைக்காக. நேரம் பார்த்துப் படகுக்காரரே அழைத்தார், எத்தனை பேர் என்று உறுதி செய்ய. அத்தான் கைபேசியைப் பார்த்தார். கிணற்றடியில் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விட்டார். அக்கா ஈரக்கையோடு அதை எடுத்து என் கையில் திணித்தாள்.

"நீயே சொல்லு. நீ வெளிநாட்டுக்காரி, ஒன்னயத் தப்பா நெனைக்க மாட்டாங்க."

பள்ளிக்கூட நாளிலிருந்து பேசிப் பழகிய கண்டிச் சிங்களத்தில் சொன்னேன்: நாங்கள் வரவில்லை. கடல் சரியில்லை, பிள்ளைக்கு ஆகாது. எங்களுக்கு இடம் வைக்க வேண்டாம். அலை சின்னதுதான், வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றார். இல்லை, வரமாட்டோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, மிஸ் எந்த நாடு என்று கேட்டார்.

கண்டிதான் என்றேன். கெலிஓயா.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாகச் சிரித்தார். பரவாயில்லை மிஸ், அடுத்த முறை இலங்கைக்கு வரும்போது கட்டாயம் வாங்க என்றார். பிறந்த வீட்டு வாசற்படியில், அக்காவின் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு நின்றவள், அடுத்த முறை இலங்கைக்கு வரும்போது பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தேன்.