தொண்டைக்குழிப் பாலம்

"அம்புக்குறியை இன்னும் தடிமனாப் போடும்மா. இது என்ன, எறும்பு போற பாதையா?"

கணினி முன்னால் இருந்த பெண் தடிமனாக்கினாள். ஸ்டூடியோ திரையில் மலை, எல்லையாக ஓடும் ஆறு, குறுக்கே ஒரு பாலம். அதுநாள்வரை காய்கறி லாரிகள் மட்டுமே பொருட்படுத்திய பாலம். அன்று டிவி விவாதத்துக்கு வந்திருந்த பேராசிரியர் அதற்குத் தொண்டைக்குழி என்று பெயர் வைத்தார்.

"இதைப் பிடிச்சவன் கையிலதான் பள்ளத்தாக்கு. மலையும் ஆறும் எழுதின விதி இது. ஆட்சி மாறினாலும் மாறாது."

கல்லூரியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மாணவர்கள் வைத்த பெயர் மலைமுழுங்கி. அவர் பாடத்தில் மனிதர்கள் வருவதில்லை. நாடுகள் மட்டும் பசியெடுத்துக் கடலைத் தேடி நடக்கும்.

எதிர் நாற்காலியில் அவருடைய பழைய மாணவி. இப்போது அதே துறையில் ஆசிரியை.

"மலை சண்டை போடாது சார். தொண்டைன்னு பேர் வைச்சாத்தான் நெரிக்கத் தோணும். வரைபடத்தை யார் வரையறாங்க, யாருக்காகன்னு கேக்கணும்."

சரியான பேச்சு. ஆனால் அடுத்த மூச்சில் 'சொல்லாடல்' என்று கலைச்சொற்களில் ஏறியவள் இடைவேளை வரை இறங்கவே இல்லை.

"நீ வரையறதுக்கு முன்னாடியே மலை இருந்துச்சும்மா," என்றார் அவர். தொகுப்பாளர் சிரித்தார். அத்தோடு வாதம் முடிந்தது.

அவர் மனைவி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் வசதி பக்கத்தில் இக்கரையில்தான். மறுநாள் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் அவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நம்ம பொண்ணு வர்ற வழிதானா கெடச்சுது உங்களுக்கு?"

"நான் சொல்லியா பட்டாளம் வரப்போகுது? நீ வேற."

சேனல் அவர் பேசிய துண்டை ஓட்டிக்கொண்டே இருந்தது. அக்கரைச் சேனலும் எடுத்துப் போட்டது: பாருங்கள், நம் கழுத்தை நெரிக்கத் திட்டம். பொழுது சாய்வதற்குள் அக்கரைப் பட்டாளத்தார் பாலத்தில் மணல்மூட்டை அடுக்கினார்கள். இக்கரைப் பட்டாளத்தார் மட்டும் சும்மா இருப்பார்களா? பாலத்தை இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று.

அவர் மலர்ந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"பாத்தியா? சொன்ன மாதிரியே நடந்துச்சா இல்லையா?"

"அவ எப்படிங்க வருவா?"

அவர் செருப்பைக் கழற்றினார். "பூகோளத்தை நாம என்ன பண்ண முடியும்?"

"காலையில வரைக்கும் லாரி போச்சே. மலை மத்தியானம் எழுந்து நடந்து வந்துச்சா?"

அவர் மறுஒளிபரப்பின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் பாலம் திறக்கவில்லை. மருமகன் மகளை வேனில் ஏற்றி, மலையைச் சுற்றிக்கொண்டு அக்கரையிலேயே இருந்த தூரத்து நகரத்துக்குப் போனான். மதியத்துக்கு மேல் போன் வந்தது. மகள் பிழைத்துவிட்டாள். குழந்தை பிழைக்கவில்லை. மனைவி டிவியை அணைத்தாள். சேனல் அனுப்பிய கார் வாசலில் நின்றது. அவர் போகவில்லை. ஸ்டூடியோவில் அவர் நாற்காலியில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரை உட்கார வைத்தார்கள்.