தீபாவளி பீரை யார் ஊற்றுவது

தீபாவளிக்கு மட்டும் வரும் பீரில் ஒரு டின்னை, எங்கள் ஈஜோக் ஊர்க் கடையில் வாங்கித் தேர்தலுக்கென்று எடுத்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். யார் கட்சி தோற்றதோ, அவர் மற்றவருக்கு ஊற்றித் தர வேண்டும்.

எல்லாத் தேர்தலிலும் என் வீட்டுக்காரருக்கு நான்தான் ஊற்றினேன்.

இந்த முறை என் கட்சி ஜெயித்துவிட்டது. அவர் போய் நான்கு மாதம் ஆகிறது.

இன்று காலை அவர் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் ஊற்றிப் படைத்தேன்.

"ஜெயிச்சது நீங்கதானே அத்தை, மாமாவுக்கு ஏன் ஊத்துறீங்க?" என்றாள் மருமகள்.

"அவரு எந்திரிச்சு வந்து ஊத்த மாட்டேங்கிறாரே லா."

கும்பிட்டுவிட்டு, படைத்ததில் ஒரு வாய் குடித்தேன். ஒரே கசப்பு. இதற்கா மனிதர் ஒவ்வொரு முறையும் அப்படிச் சிரித்தார்?

உங்கள் வீட்டில் தோற்றவர் இருந்தால், இன்றைக்கே ஊற்றித் தரச் சொல்லுங்கள். அவர் கையால் ஊற்றினால் எப்படி இருக்கும் என்று எனக்கும் எழுதுங்கள்.