பேய் பிடித்த புகையிலை வயல்

போன மாதம் ஒரு காலையில் தாணு போன் செய்தான். காலேஜ் காலத்து நண்பன். ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே அவனுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு.

"மக்கா, எனக்க வயல்ல பேய் இறங்கிட்டுன்னு ஊரே சொல்லுது. ஒரு எட்டு வந்து பாக்கியா?"

பேய் என்று கேட்டால் பத்தி எழுதுகிறவன் வீட்டில் உட்கார்ந்திருப்பானா? பாதி இட்லியோடு எழுந்து பஸ் ஏறிவிட்டேன்.

தாணு இந்த வருஷம் புகையிலை போட்டிருந்தான். நம்ம மாவட்டத்தில் புகையிலையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அதைத்தான் கேட்டேன். வெளியூர் வியாபாரி ஒருவர் நாற்றும் கொடுத்து, விளைவதைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். தாணு மறுபேச்சு இல்லாமல் சம்மதித்துவிட்டான்.

முந்தின நாள் மழை. வயலுக்குள் இறங்கினால், செடிகள் என் மார்பு உயரம். ஒவ்வொரு இலையும் யானைக் காது மாதிரி, சொட்டச் சொட்ட நனைந்து தொங்குகிறது. தலைக்கு மேலே காற்றாலை இறக்கை விர்... விர்... என்று சுற்றும் சத்தம். வேறு சத்தமே கிடையாது.

ஒரு ஆட்டு மந்தை வந்தது. வேலி இல்லாத வயல் அது. ஓரம்வரை வந்த ஆடுகள், யாரோ கோடு கிழித்து வைத்த மாதிரி நின்றன. பிறகு அப்படியே வயலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. ஒரு குட்டிகூட வாய் வைக்கவில்லை.

"இலை பறிக்க வாறவங்க சாயங்காலம் ஆனா விழுறாவ மக்கா" என்றான் தாணு. "வாந்தி, தலைசுத்து. மூஞ்சி பொணம் மாதிரி வெளுத்துப் போவுது. ரெண்டு நாள்ல ஒண்ணும் இல்லாத மாதிரி எந்திச்சு வாறாவ. திரும்பப் பறிச்சா... திரும்ப விழுறாவ."

வயல் மூலையில் காவல் தெய்வம் இசக்கியம்மனின் கல் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி நின்ற வேம்பும் பூவரசும் இப்போது வெறும் அடிக்கட்டைகள். இலையைப் புகை போட்டுப் பதப்படுத்தக் கொட்டகை வேண்டும், கொட்டகைக்கு விறகு வேண்டும் — தாணு வெட்டிவிட்டான். நிழல் போன இசக்கி சும்மா இருப்பாளா என்று பாதிப் பேர் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

பேசிக்கொண்டே, பறித்து வைத்திருந்த இலைகளை இருவருமாகக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். தாணு பிளாஸ்டிக் சாக்கில் கட்டித் தலையில் வைத்தான்; நான் ஒரு கட்டு இலையை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கினேன். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. கையெல்லாம் பிசுபிசுப்பு.

பிறகு, முதன்முதலில் விழுந்த பெண்ணைப் பார்க்கப் போனோம். பெயர் சொர்ணம். தோவாளையில் பிச்சிப்பூ பறித்துக்கொண்டிருந்தவள். கைக்குழந்தைக்காரி. இந்த வயல் வீட்டுக்குப் பக்கம் என்பதால் இங்கே வந்திருக்கிறாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

அவள் கணவர் கணேசன், டெம்போ ஓட்டுகிறவர். கோபத்தில் இருந்தார்.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. தள்ளாடிக்கிட்டு வாறா. கக்குறா. கண்ணு செருகுது. இது என்ன லெச்சணம்? வயல்ல கூட்டம் சேந்து என்னத்தையோ குடிக்காளுவ."

"அய்யா மேல ஆணையா நான் ஒண்ணும் தொடல்ல." சொர்ணத்தின் நெற்றியில், குடியை விலக்கும் அய்யாவழிக்காரர்கள் இடும் நாமம் கலையாமல் இருந்தது. "வெத்தலைகூடப் போட மாட்டேன். இந்தப் பிள்ளையும் எனக்க பாலைக் குடிச்சா கக்குது. ஒறங்க மாட்டேங்கு. அப்ப பிள்ளையும் குடிச்சிருக்கா?"

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன்.

வாய் நிறைய எச்சில் ஊறியது. முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய மாதிரி வியர்வை. ஓட்டுக்கூரை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது... முற்றத்துக்கு ஓடி, முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்ட பாதி இட்லியையும் கொட்டினேன். கால் தரையில் நிற்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் அந்த இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களுக்கும் வந்துட்டா அண்ணாச்சி?" என்றாள் சொர்ணம், பின்னாலிருந்து. அந்தக் குரலில் ஆச்சரியமே இல்லை.

கணேசன் வந்து என்னைத் தாங்கிப் பிடித்தார். என் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எந்திரி பிள்ள. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

நாகர்கோவிலில் ஒரு இளம் பெண் டாக்டர். முதல் கேள்வியே என்னிடம்தான். "சார், புகையிலை பழக்கம் உண்டா?"

"வாழ்நாளில் ஒரு பீடி பிடித்ததில்லை."

"இன்னைக்குப் புகையிலை உள்ள போயிருக்கு. வாய் வழியா இல்ல, தோல் வழியா. ஈர இலையோட தண்ணியில நிக்கோட்டின் இறங்கும். அந்தத் தண்ணிய நீங்க சட்டையோட போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. மொதல்ல அதைக் கழட்டுங்க."

சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வைத்தார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். குழந்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த டாக்டர், தாய்ப்பாலிலும் அது கொஞ்சம் போகும் என்றார். வயலுக்குப் போகாமல் இருந்தால் இரண்டு பேருக்கும் சரியாகிவிடும்.

கணேசன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே வராந்தாவில் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது — பச்சைப் புகையிலை நோய் என்று இதற்குப் பெயரே இருக்கிறதாம். ஆப்பிரிக்க நாடுகளில், நம் நாட்டிலேயே மற்ற மாநிலங்களில், இலை பறிக்கிறவர்கள் இப்படித்தான் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வயலுக்குப் போகிறார்கள். குழந்தைகளும்கூட. பயிர் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். இலையைப் பக்குவம் செய்ய மரங்கள் எரியும். சிகரெட் பெட்டி மேல் புண் பிடித்த வாயின் படம் போட்டுப் பிடிக்கிறவனை எச்சரிக்கிறோம், சரி. பறிக்கிறவளுக்கு எந்த இலையில் என்ன படம் போட்டிருக்கிறோம்?

இன்னொரு விஷயமும் உறுத்தியது. அந்த வயலில் நோய் வராமல் தப்பித்தவர்கள் யார்? இசக்கிக்குப் பயந்து வேலைக்கு வராமல் நின்றவர்கள். படித்த நான்தான் இலைக்கட்டைத் தூக்கி மார்போடு அணைத்தேன்!

தாணு மிச்சப் பயிரை டிராக்டர் விட்டு அழித்தான். வியாபாரி வந்து சத்தம் போட்டார். "நீரே வந்து பறியும்" என்றானாம். அவர் வயலுக்குள் இறங்காமல் போய்விட்டார். ஏன் இறங்கவில்லை என்பதை நான் இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் தோவாளைப் பூச்சந்தையில் சொர்ணத்தைப் பார்த்தேன். மறுபடி பிச்சிப்பூ. கணேசனின் டெம்போவில்தான் வருகிறாளாம். முகம் தெளிந்திருந்தது.

"பிள்ளை நல்லா ஒறங்குது அண்ணாச்சி" என்றாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத்தான்... வயலுக்குப் போறத நிறுத்தின கொஞ்ச நாளு ஒறக்கமே இல்ல. கை காலு பரபரன்னு இருக்கும். எதுக்குன்னு தெரியாம கோவம் வரும். அவரு பக்கத்துல உக்காந்து பீடி பத்த வச்சாருன்னா, அந்தப் புகை எனக்கு வேணும்போல இருந்துது. சொல்லவே வெக்கமா இருக்கு."

ஒரு தடவைகூடப் புகைக்காமல், புகையிலையை விடப் போராடிய பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன்.